அம்மனை அறுத்தவள்

எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வாழ வந்தால் முதல் வாரத்திலேயே என்ன சாதி, எவ்வளவு நகை, சமைக்கத் தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் குழாயடியில் தெரிந்துவிடும். தீபிகா விஷயத்தில் மட்டும் மூன்று மாதமாகியும் அவள் வீட்டுக்குள் என்னதான் செய்கிறாள் என்று ஒருத்திக்கும் பிடிபடவில்லை. கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே உர்ரென்று ஏதோ இரையும். ரப்பர் கருகும் வாடை வரும், கொஞ்ச நேரம் கழித்து செருப்புக்கடை வாடை வரும். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். வாடை எனக்கு வருகிறது, விவரம் வரவில்லை என்றால் ஒரு மனுஷி எத்தனை நாள் பொறுப்பாள்?

ஒரு கிண்ணம் தட்டப்பயிறு குழம்போடு போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தாள். கூடத்தின் நடுவில் தலையில்லாத ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். கிண்ணம் கையைவிட்டு நழுவப் பார்த்தது.

"பயப்படாதீங்கக்கா, இவரோட அளவுதான்" என்றாள். அவள் புருஷன் கலைமணியின் உடம்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்டி, முதுகில் கத்தரித்துக் கழற்றி, உள்ளே பழந்துணி அடைத்து நிற்க வைத்திருக்கிறாள். கீழே கறுப்பும் சாம்பலுமாக ஃபோம் ஷீட், துண்டு துண்டாக. செருப்புக்கு அடியில் போடுவார்களே, அதே ஜாதி, கொஞ்சம் மெத்தென்றிருக்கும்.

"என்ன சாமி இது, செருப்பு தைக்கறியா?"

"காஸ்பிளேக்கா. பொம்மைப்படத்துல வர்ற வீரனுங்க மாதிரி கவசம், கத்தி எல்லாம் செஞ்சு குடுப்பேன். பெங்களூர்ல அதைப் போட்டுக்கிட்டுக் கூட்டமா கூடுவாங்க."

"சின்னப் பசங்களா?"

"இல்லக்கா. கல்யாணமானவங்ககூட வருவாங்க."

"வேலைவெட்டி இல்லாதவங்களா?"

"ஐ.டி. கம்பெனில இருக்கறவங்க."

"அதைத்தான நானும் கேட்டேன்" என்றேன். சிரித்துவிட்டாள். சிரித்தால் நல்ல முகம். அதுவரை அதைக்கூட யாரும் பார்த்திருக்கவில்லை.

மூலையில் ஆளுயரக் கத்தி ஒன்று சாய்த்து வைத்திருந்தது. இரும்பென்றே நினைத்தேன், பிடியில் துருகூட ஏறியிருந்தது. தூக்கிப் பார்க்கச் சொன்னாள். நான் இடுப்பில் கைவைத்து மூச்சைப் பிடித்துத் தூக்கினால், அது அப்பளம் மாதிரி எழும்பி மின்விசிறியில் இடித்தது. துரு என்று நினைத்தது பெயின்ட்.

ஷீட்டைப் பிளேடால் வெட்டி, சூடான காற்று ஊதும் துப்பாக்கி ஒன்றின் முன் காட்டினால் அது வெற்றிலை மாதிரி வளைகிறது. வளைந்ததைப் பிடித்தபடி ஆறவிட்டால் அப்படியே நின்றுவிடுகிறது. ஒட்டுவதற்கு ரப்பர் சொல்யூஷன். இரண்டு பக்கமும் தடவி, பிசுபிசுப்பு போகும்வரை காத்திருந்து அழுத்தினால், அப்புறம் யார் இழுத்தாலும் பிரியாது. "பிரிக்கணும்னா அறுக்கத்தான் வேணும்" என்றாள்.

மறுநாள் குழாயடியில் நான் சொன்னது எல்லாம் இவ்வளவுதான். அவர்கள்தான் அவளுக்கு 'செருப்புச் சீட்டு' என்று பேர் வைத்தார்கள்.

அவள் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். கலைமணியைக் கட்டிக்கொண்டதில் பெற்றவர்கள் தலைமுழுகிவிட்டார்கள். மாமியார் ராசம்மாள் அக்கா வாயால் ஒன்றும் சொல்லமாட்டாள், பாத்திரம் வைக்கிற சத்தத்தில் சொல்லிவிடுவாள். தெருவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக அந்தப் பெண்ணுக்கு இந்த ஊரில் ஆளென்று இருந்தவன் கலைமணி ஒருத்தன்தான். அவன் போர் போடுகிற ரிக் வண்டியில் வேலை பார்த்தான். மாசக்கணக்கில் சத்தீஸ்கர், ஒடிசா என்று போய்விட்டு, மழைக்காலத்துக்கு ஊர் திரும்புவான். வந்தால் அவளுக்கு அளவு கொடுக்கிற பொம்மையாக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பான். "ஏனுங்க்கா, என்னைய நம்மூட்டுக் காட்டுல நட்டாக் காக்கா வருமா?" என்று சுவர் வழியாக என்னைக் கேட்பான். அவள் உள்ளே சிரிப்பது கேட்கும். புருஷன் பெண்டாட்டி அப்படிச் சிரித்து நான் எங்கள் தெருவில் கேட்டதில்லை.

இனி அந்த ஆடி மாதத்துக்கு வருகிறேன்.

ஆடியில் எங்கள் சேலத்துப் பக்கம் மாரியம்மன் பண்டிகை. பண்டிகையில் பெரிய விஷயம் வண்டி வேடிக்கை. தெருவுக்குத் தெரு லாரியை ஜோடித்து, அதன்மேல் ஆட்கள் சாமி வேஷம் கட்டி நிற்பார்கள். அசையாமல் நிற்கவேண்டும். ஊரே பார்க்கும், நல்ல வண்டிக்குப் பரிசு உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ரிக்கில் குழாய் சரிந்து கலைமணியின் தலையை உரசிக்கொண்டு போனது. ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் ஆள் இல்லை. அப்போது ராசம்மாள் அக்கா வேண்டிக்கொண்டது: மூன்று ஆடிக்கு என் மகன் உன் வேஷம் கட்டி நிற்பான் தாயி. இரண்டு வருஷம் முடிந்தது, தகரக் கிரீடமும் ஜிகினாச் சேலையுமாக. இரண்டு வருஷமும் பரிசு மேலத்தெருவுக்குப் போனது.

மூன்றாவது வருஷம் விழாக் கமிட்டித் தலைவர் அங்கமுத்து நேராக தீபிகா வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்புச் சீட்டு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்த அதே வாயால், "அம்மிணி, உன் கைவேலையை ஊருக்குக் காட்டு சாமி" என்றார்.

அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "இது காத்து போகாதுங்க பெரியப்பா. உள்ள இருக்கறவங்க வெந்துருவாங்க" என்றாள்.

கலைமணிதான் பிடிவாதம் பிடித்தான். "நானு மே மாசத்துல ரிக்கு மேல நின்னவன். எனக்கு வெயிலைச் சொல்றியா?" பெண்டாட்டி வேலையை ஊர் வாயைப் பிளந்து பார்க்கவேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதைத் தப்பென்று சொல்லமுடியாது.

அவள் செய்தது சாமானியப்பட்ட வேலையில்லை. மார்க்கவசம், தோள், இடுப்பு, பாம்புபோல் சுற்றிய கைக்காப்பு, முகத்தோடு சேர்ந்த கிரீடம் எல்லாம் ஃபோம். பெயின்ட் காய்ந்ததும் கோவிலில் தங்கக் கவசம் சாத்தின மாதிரியே இருந்தது, ராசம்மாள் அக்கா அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முதுகில் மட்டும் பிளவு விட்டு மூன்று பட்டை வைத்திருந்தாள், இழுத்தால் பட்டென்று திறக்கும். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. ரேஷன் கடைத் திருப்பத்தில் லாரி நிற்கவேண்டும், திரையை இழுத்துவிட்டு அவள் முதுகைத் திறந்து அவனுக்குக் காற்றும் தண்ணீரும் காட்டவேண்டும். அங்கமுத்து கையடித்துச் சத்தியம் செய்தார்.

பண்டிகைக்கு முந்தின நாள் ஒத்திகை பார்த்தார்கள். முன்னாலிருந்து பார்த்தவர்கள் கும்பிட்டார்கள். பின்னாலிருந்து பார்த்த வாண்டுகள், "அம்மன் ஸ்கூல் பேக் மாட்டிக்கிட்டு நிக்குதுடோய்!" என்று கத்தின. தெரு முழுக்கச் சிரிப்பு. அங்கமுத்துவும் வயிறு குலுங்கச் சிரித்தார். கலைமணியின் சிரிப்பு மட்டும் கேட்கவில்லை. கிரீடத்துக்குள் அவன் முகம் எப்படிப் போனது என்று யாரும் பார்க்கவில்லை.

பண்டிகையன்று போலீஸ் ஒரு குண்டைப் போட்டது. போன வருஷம் ராத்திரியில் இரண்டு தெருவுக்கும் கைகலப்பானதால், இந்த வருஷம் பொழுது சாய்வதற்குள் எல்லா வண்டியும் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எப்போதும் வெயில் தாழ்ந்து கிளம்புகிற லாரி, மத்தியானச் சோறு செரிக்கும் முன்பே கிளம்பவேண்டியதாயிற்று.

வேஷம் கட்டுகிற கொட்டகைக்குள் பெண்கள் போகக்கூடாது. அம்மன் வேஷமே ஆனாலும் கட்டுவது ஆண்கள்தான், அது எங்கள் ஊர் நியாயம். தீபிகா வெளியே நின்று, எதை முதலில் மாட்டுவது, எதை அப்புறம் மாட்டுவது என்று கீற்றுக்கு இந்தப் பக்கமிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே நடந்தது வேறு. கவசத்தை மாட்டினதும் கலைமணி மூன்று பட்டையையும் அறுத்துப் போடச் சொல்லியிருக்கிறான். அவள் வேலைக்கு வைத்திருந்த சொல்யூஷன் டப்பாவை இடுப்பில் மறைத்துக் கொண்டுவந்தவனும் அவனே. பிளவின் இரண்டு ஓரத்திலும் தடவி, காயவைத்து, அழுத்தி, மேலே தங்கப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். கிரீடத்துக்குள் அவள் வைத்திருந்த சின்னக் காற்றாடியும் கொர்ரென்று சத்தம் போடுகிறது என்று வெளியே வந்தது. "அவகிட்டச் சொல்லாதீங்க. திருப்பத்துல வந்து பார்த்தாத் தெரிஞ்சுக்குவா. அதுக்குள்ள பாதி ஊரு சுத்தியிருப்பம்" என்றானாம். இதெல்லாம் அங்கமுத்து சம்சாரம் பிற்பாடு என்னிடம் சொல்லி அழுதது.

கவசம் ஏறினதும் கண் திறப்பு. முகத்தில் கண்ணுக்கு மை எழுதிக் கற்பூரம் காட்டிவிட்டால் அதற்குமேல் அது கலைமணி இல்லை. பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கோவில் வாசலில் இறக்கும்வரை யாரும் தொடக்கூடாது. இரும்பு கிட்டத்தில் வரக்கூடாது.

லாரி கிளம்பியது. சொல்லாமல் இருக்கமுடியாது, அப்படி ஒரு அம்மனை எங்கள் ஊர் பார்த்ததில்லை. மேலத்தெருக்காரர்களே தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கும்பிட்டார்கள். அங்கமுத்து மீசையை முறுக்கிய முறுக்கில் மீசை பிய்ந்து வந்திருக்கவேண்டும். வெயிலோ, தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற வெயில்.

ரேஷன் கடைத் திருப்பம் வந்தது. லாரி நிற்கவில்லை.

தீபிகா ஓடிப்போய் அங்கமுத்து கையைப் பிடித்தாள். "பெரியப்பா, நிறுத்துங்க."

"போலீசு தொரத்துறான் பாரு அம்மிணி. கோயில்ல போயிப் பாத்துக்கலாம்."

அவள் லாரியின் பின்பக்கமாகத் தாவி ஏறி முதுகுக்குக் கையைக் கொண்டுபோனாள். பட்டையைத் தேடினாள். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது, அவள் விரல் வழவழவென்று தங்கத்தின் மேல் போய்வந்தது. ஒரு கணம் அவளுக்கே புரியவில்லை. புரிந்ததும் ஒட்டின இடத்தை நகத்தால் சுரண்டினாள். அதற்குள் இரண்டு பேர், "பொம்பளை மேல ஏறக்கூடாது, எறங்கு எறங்கு" என்று இழுத்து இறக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் லாரியை ஒட்டியே நடந்தாள். எதையோ பார்த்துக்கொண்டே வந்தாள். என்னவென்று நானும் பார்த்தேன். அம்மனின் கைக்காப்பு ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வேர்வை லாரிப் பலகையில் விழுந்துகொண்டிருந்தது. பலகை நனைந்திருந்தது. அவள் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாரியம்மன் கோவில் தெரு முனையில் மேலத்தெரு வண்டி குறுக்கே நின்று வழி அடைத்துக்கொண்டது. யார் முதலில் போவது என்று வழக்கமான ரகளை. லாரி நின்றுவிட்டது. நிழல் ஒரு கையளவு இல்லை.

சொட்டு நின்றது. பலகை எங்கள் கண் முன்னாலேயே காய்ந்தது.

அப்போதுதான் அம்மன் ஆடினாள். முதலில் தலை, அப்புறம் தோள், அப்புறம் உடம்பு முழுக்கக் கிடுகிடுவென்று. "வந்துட்டாடா!" என்று ஒருத்தர் குரல் கொடுத்ததும் பொம்பளைகள் குலவை போட்டார்கள். பம்பைக்காரர் சடையன், பத்து வருஷமாக ஒரே அடி அடிப்பவர், அன்றைக்கு வெறி வந்தவர் மாதிரி அடித்தார். குடம் குடமாக மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டுவந்து ஊற்றினார்கள். வெயிலில் வாடிய அம்மனுக்குக் குளிரட்டும் என்று எத்தனையோ குடம். அத்தனையும் கவசத்தின் மேல் வழிந்து ரோட்டுக்கு வந்தது. ஒரு துளி உள்ளே போகவில்லை. அவள் அவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தாள்.

ராசம்மாள் அக்கா லாரியில் ஏறி மகன் காலைக் கட்டிக்கொண்டாள். தாய்க்கு மட்டும், அதுவும் காலைத் தொட மட்டும், அனுமதி உண்டு. "சொல்லு தாயி, என்ன குத்தம் செஞ்சோம், சொல்லு!"

கவசத்துக்குள்ளிருந்து ஏதோ முனகல் வந்தது. என்னவென்று தெரியவில்லை. "குறி சொல்றா, குறி சொல்றா" என்றார்கள்.

தீபிகா கூட்டத்தைப் பிளந்துகொண்டு மறுபடி ஏறினாள். இந்த முறை கையில் பிளேடு. அவள் வேலை செய்கிற கட்டர் பிளேடுதான், பென்சில் மாதிரி இருக்கும், ஜாக்கெட்டில் செருகி வைத்திருந்திருக்கிறாள்.

"கலை!" என்று கத்தினாள். "கலை, கேக்குதா?"

குலவை நின்றது. அம்மனை ஒரு பெண் தன் புருஷன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நான்கு பேர் ஏறி அவளைப் பிடித்தார்கள்.

"அத்தை! உங்க பையன் சாகறாருங்க. கழுத்தைத் தொட்டுப் பாருங்க, காஞ்சு கெடக்குது. அடுப்பு மாதிரி இருக்குது. சாமி வந்தா வேர்க்காதா அத்தை? தொட்டுப் பாருங்க!"

ராசம்மாள் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். காலுக்கு மேலே தொடக்கூடாதே. மகனைத் தொடுவதா அம்மனைத் தொடுவதா என்று அவள் கை நடுவில் நின்றது. நின்ற கையை அப்படியே கொண்டுபோய்க் கிரீடத்துக்கும் மார்க்கவசத்துக்கும் நடுவே நுழைத்துக் கழுத்தில் வைத்தாள். வைத்த கையைச் சுட்டதுபோல் எடுத்தாள்.

"வுடுங்கடா அவளை" என்றாள்.

பிளேடு கழுத்தடியில் இறங்கி, மார்பு வழியாக வயிறு வரைக்கும் வந்தது. கிழிகிற சத்தம் வரவில்லை. பன் ரொட்டியை அறுத்தால் எப்படியிருக்கும், அப்படி. ஆனால் அம்மனின் நெஞ்சில் கத்தி இறங்குவதைப் பார்த்தவர்கள் எழுப்பின சத்தம் இருக்கிறதே, அது இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. ஒரு கிழவி மயங்கி விழுந்தாள். யாரோ செருப்பை வீசினார்கள், அது தீபிகாவின் முதுகில் பட்டது. அவள் திரும்பவில்லை. இரண்டு கையாலும் அம்மனை இரண்டாகப் பிளந்தாள். உள்ளே ஒரு பனியன், பனியனுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு மனுஷன். கண் மேலே செருகியிருந்தது. கிரீடத்தைக் கழற்றினபோது அவளுடைய விரலையும் சேர்த்து அறுத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் அந்தக் கூட்டத்துக்குள் வராது. மீன்காரர் ஒருத்தரின் குட்டியானை வண்டியில், மீனுக்கு வைத்திருந்த ஐஸ்மேலே படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். அந்த ஐஸ்தான் காப்பாற்றியது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கவசத்தோடு எடுத்து அடக்கம் செய்திருக்கலாம் என்று நர்சு சொன்னது. நர்சுகளுக்கு வாய் ஜாஸ்தி.

பிழைத்தான். மூத்திரம் நின்றுபோய், மிஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். பேச்சு வர நாளாயிற்று. இடது கை மட்டும் நடுங்குவதை நிறுத்தவே இல்லை. ரிக் வேலைக்கு இனிமேல் போகமுடியாது, வெயிலில் நிற்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

இதற்குள் தெரு சும்மா இருக்குமா? அறுபட்ட கவசத்தை வீட்டில் வைக்கவும் பயம், குப்பையில் போடவும் பயம். கண் திறந்த அம்மனாயிற்றே. முறைப்படி தண்ணீரில் விடலாம் என்று அங்கமுத்து ஆட்களோடு, ஊருக்கு வெளியே மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிற கல்லுக்குழிக்குக் கொண்டுபோனார். ஃபோம் மூழ்குமா? போடப் போட மேலே வந்து, வானத்தைப் பார்த்தபடி மல்லாந்து மிதந்ததாம். கோல் வைத்து அழுத்தினால் அந்தப் பக்கம் போய் எழுந்ததாம். கடைசியில் கல்லைக் கட்டி இறக்கிவிட்டு, அம்மன் போக மனசில்லாமல் போனாள் என்று வந்து சொன்னார்கள். அந்த மாதமே அங்கமுத்து பேரனுக்கு அம்மை வார்த்தது. அப்புறம் கேட்கவேண்டுமா? குழாயடியில் தீபிகா குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. தெரு என்றைக்கு அவளைச் சேர்த்துக்கொண்டது, இப்போது விலக்கிவைக்க? அவன் வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தான்.

வந்தவன் அவளோடு பேசவில்லை.

சுவர் வழியாக எனக்குக் கேட்கும். தட்டு வைக்கிற சத்தம் கேட்கும், மாத்திரை உடைக்கிற சத்தம் கேட்கும், அவள் பேசுவது கேட்கும். ஒரு நாள் மாவு கொடுக்கிற சாக்கில் நான் உள்ளே போயிருந்தபோது அவனே வாயைத் திறந்தான், என்னைப் பார்த்து.

"எல்லாரும் என்னைக் காப்பாத்துனாங்கறாங்க. யாருகிட்ட இருந்துங்க்கா?"

நான் மாவுப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"உள்ள நானு மட்டும் இல்லீங்க. வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. வலி இல்ல, சூடு இல்ல. நெஞ்சுக்குள்ள வந்து உக்காந்தா. எங்கப்பன் செத்ததுல இருந்து அப்படி ஒரு நிம்மதி எனக்கு இல்லீங்க. அவ என்னமோ சொல்ல வாயெடுத்தா. அப்பத்தான் இவ கத்தியைப் போட்டா."

தீபிகா மருந்துச் சீசாவைக் கையில் வைத்தபடி நின்றாள். "அது வெயிலுங்க" என்றாள். அவனை அவள் வாங்க போங்க என்று பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"உனக்கு வெயிலு. எனக்கு அவ." அவளைப் பார்க்காமலே சொன்னான். "முதுகை ஒட்டுனது நாந்தான். என்னைத் திட்டு, வேண்டாங்கல. ஆனா நீ அறுத்தது என்னை இல்ல."

அதற்குமேல் அந்த வீட்டில் பேசிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. அவன் படுக்கை அம்மா அறைக்குப் போனது. கூடத்தில் நின்ற டேப் பொம்மையை ஒரு நாள் அவனே தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் கிடத்தினான். அவள் மட்டும் பெங்களூர்க்காரர்களுக்குக் கத்தியும் கேடயமும் செய்துகொண்டே இருந்தாள். அந்த வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. காற்றுத் துப்பாக்கி இரையத் தொடங்கினால் அவன் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவான்.

"போயிரேன் சாமி. படிச்ச புள்ளை, கைத்தொழில் இருக்குது. எதுக்கு இங்க கெடந்து வேகறே?" என்று நானே ஒரு நாள் கேட்டேன்.

"வேண்டுதல் ரெண்டு வருஷம்தானேக்கா ஆச்சு. மூணாவது பாதியில நின்னுருச்சு. மறுபடி நிப்பாரு. அப்ப பக்கத்துல ஆள் வேணுமில்ல?" என்றாள்.

அவள் சொன்னபடியே நடந்தது. அடுத்த ஆடியில் எங்கள் தெருக்காரர்கள் அவனை லாரியில் ஏற்றத் துணியவில்லை. ஆனால் மேச்சேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, வெள்ளை வேட்டியில் நான்கு பேர் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். அம்மன் நிஜமாகவே இறங்கின உடம்பு என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் சரி என்றான். பெண்டாட்டிக்குத் தெரியவேண்டாம் என்று தாயிடம் சொன்னான். ராசம்மாள் அக்கா என்னிடம் வந்து, "எனக்கு வாயி வரல கண்ணு, நீயே சொல்லிப்போடு" என்றாள். கழுத்தைத் தொட்டதிலிருந்து அவள் பாத்திரம் வைக்கிற சத்தமே கேட்பதில்லை.

சொன்னேன். தீபிகா கேட்டது ஒன்றுதான். "வெயில் தாழ்ந்துதான் நிக்கறாராக்கா?"

"மூணு மணிக்குன்னாங்க."

ஒரு பெரிய பிளாஸ்கில் ஐஸ் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலக்கிற பொட்டலம், ஈரத்துண்டு எல்லாம் எடுத்துக்கொண்டாள். நானும் கிளம்பினேன். இதைப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தக் கிராமத்தில் துணியும் ஜிகினாத் தாளும் வைத்துத்தான் ஜோடித்திருந்தார்கள். காற்று தாராளமாகப் போகும். வானமும் மூடிக்கொண்டது, கொஞ்சம் தூறல்கூட விழுந்தது. கலைமணி டிராக்டர் மேல் நின்றான். இடது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. "பாரு, இப்பவே அம்மன் வந்துட்டா" என்று அந்த நடுக்கத்தைக் கும்பிட்டார்கள். தீபிகா ஆட்டுப்பட்டி ஓரமாக, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தாள். பிளாஸ்கைத் திறக்கவே இல்லை.

எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு பொம்பளை, வாய் சும்மா இராமல், "போன வருசம் இந்தாளு பொண்டாட்டியே அம்மன் நெஞ்சுல குத்திப்போட்டாளாமா. அவளையெல்லாம் ஊட்டுக்குள்ள வெச்சிருக்கானே, நல்ல மனுசன்" என்றாள்.

நான் வாயைத் திறக்கப் போனேன். தீபிகா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

கோவில் வாசலில் அவனை இறக்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை. நன்றாக இருந்தான். காலில் விழுந்தவர்களுக்கெல்லாம் திருநீறு கொடுத்தான். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததோ என்னவோ, வந்தவள் மறுபடி வரவில்லை போலிருக்கிறது. ஆனால் கூட்டத்துக்கு அது தெரியவேண்டியதில்லை. மூன்றாம் வருஷம் முடிந்தது. ராசம்மாள் அக்கா மண்ணில் விழுந்து கும்பிட்டு அழுதாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டமில்லை. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பின்னால் நானும் ராசம்மாள் அக்காவும். தீபிகா அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் மடியிலிருந்த பிரசாதப் பையை எடுத்து, பக்கத்துக் காலி இடத்தில் வைத்தான். கோபமாக வைக்கவில்லை. அந்த இடத்தில் ஆள் வரவேண்டியிருக்கிறது என்கிற மாதிரி பதவிசாக வைத்தான்.

"உக்காரும்மா, எடந்தான் கெடக்குதே" என்றார் கண்டக்டர்.

"இல்லைங்கண்ணா. நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கிருவேன்."

எங்கள் ஊர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அடுத்த நிறுத்தம் ஒரு செங்கல் சூளையும் டீக்கடையும் மட்டும் இருக்கிற இடம். பஸ் நின்றது. அவள் பிளாஸ்கை என் மடியில் வைத்தாள். "மாத்திரை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்க்கா. அத்தைக்குத் தெரியும், ஆனா மறந்துருவாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கண்டக்டர் விசில் அடித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்க நிறுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

கலைமணி தூங்கிவிட்டிருந்தான். எழுப்பிச் சொல்லலாமா என்று எட்டிப் பார்த்தேன். சேலம் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.